யாரும் பார்க்க வராத ஊருக்கு

விடியும் முன்பே நாமக்கல்லில் கிளம்பினோம். முசிறி வழியாகத் திருச்சி விமான நிலையம் சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். லாரி ஓட்டி அசாம் வரை போய்வந்தவன் நான். விமானம் இதுதான் முதல். பக்கத்தில் செந்தில், என் வீட்டுக்காரியின் தம்பி. மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். வயது நாற்பத்திரண்டு, எடை நூற்றைம்பத்தொரு கிலோ. கோலாலம்பூரில் அவனுக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை.

படுத்தால் மூச்சு நின்று நின்று வருகிறது என்று இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறான். அவன் அப்பாவுக்கும் இதே உடம்பு. ஐம்பது வயதில் ஒருநாள் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

கோயம்புத்தூரிலேயே செய்கிறார்கள், செலவும் பாதிதான். அதைச் சொன்னேன்.

"அங்க படுத்தா ரெண்டு வேன்ல சனம் வந்துருமுங்க மாமா. ரொட்டியும் ஆரஞ்சும் குடுத்துட்டு, வெளிய போயி 'தின்னே கெட்டான்'னு பேசுவாங்க. யாரும் பாக்க வராத ஊராப் பாருங்க" என்றான்.

ஆகவே, மலேசியாவில் பத்துமலை முருகன் கோயிலுக்குப் பயணம் என்று ஊரில் சொல்லிவிட்டோம். சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் மோரும் பருப்புத் தண்ணியுமாக இருக்கச் சொன்னார் மருத்துவர். அதுவும் விரதம் என்றாகிவிட்டது. எங்கள் இருவரின் மனைவிமாருக்கு மட்டுமே உண்மை தெரியும். அவன் அம்மா, என் அத்தை, நம்பித் திருநீறு பூசி அனுப்பிவைத்தார்.

விமானத்தில் இடுப்பு வார் அவனுக்கு எட்டவில்லை. பணிப்பெண் இன்னொரு துண்டு வார் கொண்டுவந்து இணைத்தாள். "லாரிக்கு எச்சா ஆக்சில் போடறதில்லீங்களா, அதாட்டந்தான்" என்று சிரித்தான். அதன்பின் நான்கு மணி நேரமும் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

விமான நிலையத்திலிருந்து நகரம் அறுபது கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். பரமத்தி வேலூர்த் தென்னந்தோப்பைக் குட்டையாக்கி நட்டதுபோல. டாக்சி ஓட்டியவர் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த ஊர்த் தமிழர்.

"கோயிலுக்கு வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றான் செந்தில், பழக்கத்தில்.

அவர் முகவரிச் சீட்டைப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரிண்ணே. பயப்படாதீங்க லா, நல்லா பாப்பாங்க."

மறுநாள் சிகிச்சை. 'நோயாளி விதியாளி ஆனால் பரிகாரி பேராளி' என்று நம் பக்கம் சொல்வார்கள். பிழைக்க விதி இருந்தால் வைத்தியருக்குப் பேர். வெளி நாற்காலியில் அதையே மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய தேநீர் கையிலேயே ஆறிப்போனது. நல்லபடியாக முடிந்தது.

மூன்றாம் நாள். சின்னக் குவளையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர். மகன், மருமகள், பேரன் பேத்தி எல்லாரும் சுற்றி நின்று சூப் ஊட்டினார்கள். செந்தில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள பாக்க வேற யாரும் வரலியா அங்கிள்?" என்று கேட்டாள் தமிழ்த் தாதி ஒருத்தி.

அவள் போனதும், "அம்மாளுக்குப் போன் போடுங்க மாமா" என்றான்.

"என்னன்னு சொல்லுவ மாப்ள?"

"நெசத்தத்தான்."

சொன்னான்.  ஸ்பீக்கரில் அத்தையின் குரல்:

"நீ நாற்காலில தூங்கறது எனக்குத் தெரியாதா சாமி? வெடியால எந்திரிச்சதும் உன்ற சன்னலண்ட நின்னு மூச்சுச் சத்தம் கேட்டுட்டுத்தான் வாசல் தெளிக்கப் போறேன். உங்கப்பன் போனதுக்கப்பறம் நான் வேற எதுக்குப் பயந்திருக்கறேன்?"

செந்தில் குவளையைக் கீழே வைத்தான். அத்தையே கேட்டார்:

"இனி எத்தன இட்லி திம்ப?"

"ஒரு மாசம் கழிச்சு ஒண்ணும்மா. அதுக்கு மேல எறங்காது."

"அப்ப நான் உனக்கு என்னத்த ஆக்கிப் போடறது?"

 

பத்து நாள் கழித்துத் திருச்சியில் இறங்கினோம். கோலாலம்பூரில் எல்லாம் சுத்தம், எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. எங்களை எதிர்பார்த்துத்தான் யாரும் நிற்கவில்லை. இங்கே வாசலில் ஒரு வேன் நிறையச் சனம். எல்லாருக்கும் முன்னால் அத்தை. எங்கள் பக்கம் ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு போவது வழக்கமில்லை. தெருமுனைக்குப் போனாலும் தூக்குப்போசியில் தின்ன ஏதாவது எடுத்துப் போகிறவர் அவர். அன்று எதுவுமில்லாமல் வந்திருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றவர், பிறகு இரண்டு கையாலும் மகனின் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.