பதில் பாட்டு வராத கிணறு

அப்பா எங்களை விட்டுப் போய் இந்தத் தையோடு ஓராண்டு நிறைகிறது. வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்தி என்பதால், உறவினர் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அழுதுகொண்டே எழுதுவேன் என்று அம்மா எதிர்பார்த்தார். அழுகை வரவில்லை.

அப்பா பிறந்தது மோகனூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். பங்காளி முறையில் அண்ணனான பெரியப்பாதான் அவரைக் கூட வைத்து ஏர் ஓட்டப் பழக்கினார். பசி என்று வந்தவரை அப்பா வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. மாட்டை அடித்ததும் இல்லை. அடிக்கத் தேவையே இருக்கவில்லை.

எங்கள் பக்கம் மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணறுகள். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் பறியில் தண்ணீர் மேலே வரும். மறுபடி பின்புறமாகவே நடந்து ஏற வேண்டும். பின்னால் ஏறுவது மாட்டுக்குப் பிடிக்காத வேலை. அப்பா பாடினால் அந்த இழுப்புக்குக் கால் வைத்து ஏறும். அப்பா ஓர் அடி பாடி நிறுத்துவார். அடுத்த அடியைப் பெரியப்பா தம் கிணற்றிலிருந்து எடுப்பார். அதற்கப்பால் இன்னொரு கிணறு. இப்படியே பாட்டு ஊரைச் சுற்றி வரும்.

உலகச் சண்டைக் காலத்தில் சாலையோரம் தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. சாவடியில் போலீஸ் வந்து தங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊருக்கு ஓர் ஏட்டு போதுமானவராக இருந்தார்.

அப்பா எருமப்பட்டியில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த அன்று, பாட்டில் ஆளுக்கு ஆள் துப்புக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிணற்று மேட்டில் இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று தமுக்கு அடித்தார்கள். பெரியப்பா சில மாதம் கழித்துக் காலை இழுத்துக்கொண்டு திரும்பினார். அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. சேர்ந்து பாடியவர்களில் ஒருவர் ஜெயிலுக்குப் போக, இன்னொருவர் விருந்துக்குப் போயிருந்தார். அப்படியானால் காட்டிக் கொடுத்தது யார்? அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை.

மாடுகள் சரிவின் அடியில் நின்றுவிட்டன.

"ஏனுங்க, நீங்க வாயத் தொறக்காம அது எப்புடீங்க ஏறும்?" என்றார் அம்மா.

"ஏறாட்டி நிக்கட்டும்."

பிறகு முதன்முறையாகச் சாட்டையை எடுத்தார். அந்த வருடம் மிளகாய் பாதி காய்ந்தது.

மிளகாய் அடுத்த வருடம் வந்தது. அப்பா பழையபடி வரவில்லை. வீட்டில் புளி விலையைப் பேசினாலும் கையமர்த்துவார். யார் வந்தார், என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று எங்களை ஒவ்வொருவராகக் கேட்பார். காட்டிக் கொடுத்தவர் யாராக இருக்கும் என்று ஊரில் ஒருவர் விடாமல் நினைத்துப் பார்த்தார். அம்மாவின் சொந்தத் தம்பியைக்கூட விடவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

போலீஸ் போனது. சுதந்திரமும் வந்தது. கொடியேற்றிய அன்று பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பாடச் சொன்னார்கள். எழுந்து நின்றார், சாலையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். "தொண்டெ கட்டிக்கிச்சுங்க" என்றார். தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் மார்ச்சளி வந்து படுத்தார். கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார்: "அண்ணன் ஏதாச்சுஞ் சொன்னாரா?" பெரியப்பா தம்மை நம்பி ஒருமுறை கூப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. பெரியப்பா வந்தது பாடை கட்டியபோதுதான். பேசாமல் தோள் கொடுத்தார்.

காரியத்தன்று அந்த ஏட்டு வந்தார். ஓய்வு பெற்று மோகனூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். சிவப்புத் தலைப்பாகை இல்லாததால் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "நல்ல குரலும்மா உங்கப்பாவுக்கு" என்றார் என்னிடம்.

பெரியப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, எங்க பாட்டப் பத்தி அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னது ஆருங்க?"

"யாரும் சொல்லலியே. நான்தான் ரோட்டுல நின்னு கேட்டேன். இந்தக் கெணத்துல முடிச்சதும் அந்தக் கெணத்துல எடுத்தாங்க. நான் சேலம் டவுன்ல வளந்தவன். போலீஸ் வர்றதத்தான் சொல்லிக்கிறாங்கன்னு நெனச்சுட்டேன்."

"இத அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"யாரும் கேக்கலீங்களே."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "தம்பி" என்றார். நான் கேட்டு எத்தனையோ காலமான சொல். அதைக் கேட்க வேண்டியவர் இல்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த நாமக்கல் டாக்டர் அவர்களுக்கும், வண்டி கட்டி வந்த சம்பந்திகளுக்கும், காரியத்துக்குச் சமைத்துப் போட்ட ஊர்ப் பெண்களுக்கும், தோள் கொடுத்த பெரியப்பாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஏட்டையாவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் அம்மா. அவர் வந்து சொல்லியிராவிட்டால் அப்பாவின் பேர் கெட்டபடியே இருந்திருக்குமாம். அவருக்கும் எங்கள் நன்றி.