மாப்பிள்ளைக்குத் தொடைக்கறி

எங்கள் வீட்டில் வேலை தலைக்குமேல் இருக்கிற நாளில்தான் சாப்பாட்டுக்கு அதிக நேரம் பிடிக்கும். சந்தை நாள், மாங்காய் இறக்குகிற நாள், கோர்ட்டுக்குப் போகிற நாள் என்றால் ஆண்கள் விடியுமுன் எழுந்து, மீசையைத் தடவிக்கொண்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். களி கிண்டி, உருண்டை பிடித்து, குழம்பு ஊற்றி, கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவர்கள் தின்று, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டு எழுவதற்குள் பஸ் போயிருக்கும். கேட்டால், "பொம்பளைங்களுக்குச் சுறுசுறுப்பு பத்தலை" என்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்காகச் சொல்வது? கிருஷ்ணகிரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். கணக்கும் பூகோளமும் எவ்வளவு மனதில் நின்றதோ தெரியாது. வீட்டில் நடக்கிற அபத்தத்தை அபத்தம் என்று பார்க்கிற கண் மட்டும் அங்கே எனக்கு வந்துவிட்டது.

கோழி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோழியை நினைத்தபோது அடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. யாராவது வர வேண்டும். வந்தபின் அந்தக் கோழிக்குள் ஒரு ராஜாங்கமே நடக்கும். தொடை மாப்பிள்ளைக்கு. ஈரல் அப்பாவுக்கு. நெஞ்சுக்கறி உடன் வந்த பெரியவர்களுக்கு. கழுத்தும், முதுகெலும்பும், றெக்கை நுனியும் சமைத்தவளுக்கு. என் அம்மா தன் கல்யாணத்திலிருந்து எத்தனையோ கோழி சமைத்திருக்கிறாள். தொடைக்கறி எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அந்தத் தொடைக்கு உரியவர் என் அக்காள் புருஷன். ஓசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷை தெரியும் என்று பெருமையடிப்பார். மூன்றிலும் பொய் சொல்வார் என்பது உண்மைதான். என் அப்பா மாட்டு விஷயத்தில் புலி, மாப்பிள்ளை முன்னால் பூனை. அவர் வாயைத் திறந்தால் அப்பா வாயை மூடிக்கொள்வார்.

அந்த வருஷம் மாங்காய்க் காலத்தில் எனக்குக் கிருஷ்ணகிரி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. படித்து முடித்தால் வாத்தியார் வேலை. குறித்த நாளில், உச்சிப்பொழுதுக்குள், தகப்பனார் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்; தவறினால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். அந்த நாள் குந்தாரப்பள்ளிச் சந்தை நாளாகவும் அமைந்தது. அப்பா தன் காளை ஜோடியை அன்றைக்கு விற்பதாக இருந்தார். அம்மாவுக்குத் தோப்பில் மாங்காய் இறக்குகிற ஆட்கள் வருவதாக இருந்தது. இது போதாதென்று முதல்நாள் சாயங்காலம் அக்காள் புருஷன் வந்து இறங்கினார். காளை விற்க ஒத்தாசையாம். அன்று கிருத்திகை, கவிச்சி தொட மாட்டார். அதனால் கோழி மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது.

"மாமா, இவளுக்கு எதுக்கு இன்னும் படிப்பு?" என்று ஆரம்பித்தார் அப்பாவிடம். "எந்தம்பி சும்மாதான இருக்கறான். ஆவணியில முடிச்சிக்கலாம்."

"பாக்கலாம் மாப்ள."

"பாக்கலாம்னா என்னா அர்த்தம்?"

"பாக்கலாம்" என்றார் அப்பா மறுபடியும், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தத் தம்பியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் வாயைத் திறந்தபடி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காலையில் இவர்கள் உட்கார்ந்து தின்றால் சந்தையும் போகும், பயிற்சிப் பள்ளியும் போகும், ஆவணி மட்டும் வந்து சேரும். எனக்கு அது விளங்கிவிட்டது. "நாளைக்கு அடுப்பு என் பொறுப்பு, நீ தோப்பைப் பாரு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

விடுதித் தலைவியான கன்னியாஸ்திரி வெளியூர்ப் பள்ளிகளைப் பார்க்கப் போகிற நாட்களில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார். வேகவைத்த கோழியைப் பிய்த்து, வெங்காயமும் வெள்ளரிக்காயும் அரிந்துபோட்டு, மிளகுத்தூள் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைப்பார். சாலட் என்று பெயர். ருசியைச் சொல்ல வேண்டாம். ஜெபம் செய்துதான் விழுங்க வேண்டும். ஆனால் அவர் அதைப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பார். தட்டு இல்லை, செம்பு இல்லை, பரிமாற ஒருத்தி பக்கத்தில் நிற்கவில்லை. பஸ்ஸையும் விட்டதில்லை.

கோழி கூவுமுன் கோழியை அறுத்தாயிற்று. மஞ்சளும் உப்பும் நிறைய மிளகும் இஞ்சியும் போட்டு, தண்ணீர் சுண்டுகிறவரை வேகவிட்டேன். ரேஷனில் வந்த கோதுமை மாவு பானையில் கிடந்தது. கோதுமை காய்ச்சல்காரன் தின்பது என்று எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. அதைப் பிசைந்து மெல்லிய சப்பாத்திகளாக இட்டேன். சுட்டதும் கடலை எண்ணெய் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணி போட்டு மூடினேன். அப்படி மூடினால்தான் மடிக்கும்போது வெடிக்காது. கோழி ஆறியதும் எலும்பிலிருந்து கறியை நார்நாராகப் பிய்த்தேன். சின்ன வெங்காயம், வெள்ளரிக்காய், கிளிமூக்கு மாங்காயில் ஒரு பாதி எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச்சாறு சேர்த்துக் கறியோடு பிசறினேன். தண்ணீர் விட்டுக்கொள்ளாமல் இருக்க, வெள்ளரிக்காயை உப்புப் போட்டுப் பிழிந்துவிட்டுத்தான் சேர்த்தேன். கன்னியாஸ்திரிக்கு இது தெரியாது; அவர் ரொட்டி எப்போதும் நனைந்துதான் இருக்கும்.

அம்மா எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, இப்படிப் பிச்சுப் போட்டுட்டயே! தொடை எங்கடி? மாப்பிள்ளைக்கு எதை வெக்கறது?"

"எல்லாம் உள்ளதாம்மா இருக்குது."

"உள்ளன்னா? எது தொடைன்னு அவருக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது" என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியும். இரண்டு தொடையின் கறியையும் தனியாக எடுத்துப் பிசறி, அம்மா தோப்புக்கு எடுத்துப்போகிற சுருள்களில் வைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் பிரித்து எடுத்து மாப்பிள்ளைக்கு வைத்துவிடுவாள். சப்பாத்தியின் அடிப்பக்கத்தை மடித்துவிட்டு இறுக்கிச் சுருட்டி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டினேன். அம்மாவுக்கு ஒரு கட்டு, எங்களுக்கு ஒரு கட்டு. அடுப்படியில் உட்கார்ந்து தட்டைத் தேடிக்கொண்டிருந்த அக்காள் புருஷனிடம், "சந்தையிலே சாப்பிடலாம் மாமா, நேரமாச்சு" என்றேன். காளைகள் ஏற்கெனவே தெருவில் நின்றன. அப்பா சந்தோஷமாக முன்னே நடந்தார்.

சந்தையில் நான் சாலையோரப் புளியமரத்தடியில் பொட்டலத்தோடு நின்றேன். இங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அக்காள் புருஷன் முதல் வேலையாகப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"என்னா இது, சுருட்டா?"

"நெருப்புக் குடுக்கட்டுமா மாப்ள?" என்றார் பக்கத்து மாட்டுக்காரர்.

அக்காள் புருஷன் சுருளைக் கடிக்கவில்லை. பிரித்தார். இரண்டு விரலால் கிளறினார். வைக்கோல் போரில் மோதிரம் தவறவிட்டவர் தேடுவதுபோல் தேடினார். "பச்சை வெங்காயம், பச்சை மாங்கா, பச்சை வெள்ளரி. ஏ வாத்தியாரம்மா, நான் இந்த வூட்டு மாப்பிள்ளையா, மாடா? தொடை எங்க?"

"அதுலதான் இருக்கும் மாமா. பொறுமையாத் தேடுங்க."

இப்படி மூன்று சுருளைப் பிரித்துப் போட்டார். பிரித்த சப்பாத்தியைக் கறி கட்டிவந்த காகிதம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒதுக்கி வைத்தார். அப்பாவின் ஜோடியில் வலப்பக்கத்துக் காளை நாக்கை நீட்டி அதைச் சுருட்டிக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் அறிவுள்ளது அது ஒன்றுதான்.

அதற்குள் தரகர் வந்தார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், கன்னடம் கலந்து பேசுவார். மாட்டுப் பேரம் வாயால் நடப்பதில்லை. இரண்டு கைகளுக்கும்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. பிடித்த கையை உருவினால் பேச்சு முறிந்தது என்று பொருள். பிறகு அந்த ஆளோடு தரகர் பேச மாட்டார். அப்பா கையை நீட்டப் போனார். அதற்குமுன் மாப்பிள்ளையின் வலக்கை துண்டுக்குள் போய்விட்டது.

"நான் பேசறேன் மாமா. நீங்க சும்மா நில்லுங்க."

அப்பா சும்மா நின்றார்.

பேரம் இழுத்தது. மாப்பிள்ளைக்கு விலை முக்கியம் இல்லை, சுற்றி நிற்கிற ஆட்கள்தான் முக்கியம். "ஆகோதில்லா, ஆகோதில்லா" என்று, கட்டாது என்பதாகத் தரகர் தலையை ஆட்டுவார். இவர் கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று எடுத்துவிடுவார். யாராவது சிரித்தால் இன்னும் கொஞ்சம் பேசுவார். ஒரு பஸ் போயிற்று. புளியமரத்து நிழல் என் காலடிக்குச் சுருங்கி வந்துகொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸை விட்டால் உச்சிக்குள் போய்ச் சேர முடியாது. அப்பா என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், காளையின் முதுகைத் தடவினார். அதைத் தவிர அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்தேன். வழிவிட்டார்கள். படித்த பெண் என்றால் கொஞ்சம் பயம்.

"மாமா, இன்னொண்ணு இருக்குது. தொடை இதுலதான் மாட்டிக்கிச்சு."

அவர் சுருளைப் பார்த்தார். பட்டினி கண்ணில் தெரிந்தது. இடக்கையில் காளைக் கயிறு, வலக்கை துண்டுக்குள். கயிறு இல்லாவிட்டாலும் இடக்கையால் தின்றால் சந்தையே காறித் துப்பும்.

"அப்புடியே வாயில வெய்யி புள்ள" என்று வாயைத் திறந்தார். அண்ணன் தம்பி ஜாடை அப்படியே தெரிந்தது.

"கொழந்தைக்கா ஊட்டறேன்? வேணும்னா வாங்கிக்குங்க, இல்லாட்டி அப்பா சாப்பிடட்டும்" என்று சுருளை அப்பா பக்கம் நகர்த்தினேன்.

மாப்பிள்ளையின் தொடை மாமனார் வாய்க்குப் போவதா? வலக்கை துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது.

கூட்டம் 'ஹோ' என்றது. தரகர் துண்டை உதறினார். "ஏனப்பா இது! காளையை உட்டுட்டு கோழிக்குக் கை நீட்டறான்! இவங்கூட எனக்கென்னா பேச்சு?"

"இரு, இரு, இன்னும் பேசி முடிக்கலை" என்றார் அக்காள் புருஷன், வாய் நிறைய சப்பாத்தியோடு.

தரகர் அடுத்த ஜோடிக்கு நகரப் போனார். அப்போதுதான் அப்பா கையை நீட்டினார். துண்டு விழுந்தது. பேச்சே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருமுறை தலை ஆடியது, முடிந்தது. வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அப்பா நினைத்த விலைதான் என்பது அவர் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் மாப்பிள்ளை கையிலிருந்த கயிற்றை வாங்கித் தரகரிடம் கொடுத்தார். பிறகு, என் ஆயுசில் முதல்முறையாக, அந்த மனிதரிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"நீங்க சாப்பிடுங்க மாப்ள. நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்துடறேன்."

"மாமா, எந்தம்பி விஷயம்..."

"சாப்பிடுங்க" என்றார் அப்பா.

பஸ் கிடைத்தது. நின்றுகொண்டே வந்தோம். அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சுருளைத் தின்றார். "என்னா பாப்பா, களி இல்லாமயும் வயிறு நெறையுதே" என்றார், ஏதோ அதிசயத்தைக் கண்டவர்போல. இத்தனை வருஷமாக வயிறு என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாரோ.

பயிற்சிப் பள்ளியில் ஒரு குமாஸ்தா. "கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று அப்பாவைக் கேட்ட தோரணையில், அந்தக் குமாஸ்தா பிறக்கும்போதே பேனாவோடு பிறந்தவர் என்று தெரிந்தது.

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

குமாஸ்தா மை டப்பாவைத் தள்ளினார். அப்பாவின் கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதன்மேல் நீல மை ஏறி, சம்மதம் பச்சையாக விழுந்தது. எனக்கு இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அம்மா தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்டாள். "எனக்கு வெச்சதுல எலும்பும் இல்லை, நாரும் இல்லை. மெத்துனு இருந்துச்சு. என்னா கறி அது?"

"தொடை."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை. பயத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்; மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தார். "ரெண்டுமா?" என்று மட்டும் கேட்டாள், மெல்ல.

நான் பயிற்சிப் பள்ளி விடுதிக்குக் கிளம்பிய அன்றைக்கும் அக்காள் புருஷன் வந்திருந்தார். ஆவணியைக் கார்த்திகைக்காவது நகர்த்த முடியுமா என்று பார்க்க. கோழி அடித்தார்கள். அம்மா என்னை அடுப்படிப் பக்கம் விடவே இல்லை. பஸ் ஏறும்போது வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

குந்தாரப்பள்ளி தாண்டிப் பிரித்தேன். அடை மாதிரி தடித்த சப்பாத்தி, ஒரு பக்கம் கருகியிருந்தது. கோதுமையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. கறியைப் பிய்க்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. முழுத் தொடையை, குழம்பு சொட்டச் சொட்ட, எலும்போடு வைத்துச் சுருட்டியிருந்தாள். எலும்பு மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எலும்போடு யாராவது சுருட்டுவார்களா? எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் இவர்களுக்கு ஏறாது. எலும்பைப் பிடித்துக்கொண்டு, பஸ் குலுங்கக் குலுங்க, முழுசையும் தின்று முடித்தேன். குழம்பு முழங்கைவரை வழிந்தது.