எதிர்வீட்டு அக்காவின் உருண்டைச் சூப்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் என் சமையலை யாரும் குறை சொன்னது கிடையாது. யாழ்ப்பாணத்திலும் இல்லை, இந்தக் கொலோனிலும் இல்லை. ஒரே ஒருத்தரைத் தவிர.

அவர் எதிர்வீட்டு அக்கா. உக்ரைனிலிருந்து வந்த யூதப் பெண். நான் அக்கா என்று கூப்பிட, அவரும் என்னை அக்கா என்றே கூப்பிடப் பழகிவிட்டார். இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை. மிச்சத்தைக் கையும் முகமும் பார்த்துக்கொண்டன.

புளியாத அப்பம் என்று மாதா கோயிலில் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அவருடைய குசினி அடுப்படியில்தான். பப்படம் போல மெல்லிசு, உப்புமில்லை, ஒன்றுமில்லை. பாஸ்கா என்ற தங்கள் பெருநாள் நாட்களில் அவர்கள் புளித்த மாவில் சுட்ட பாணைத் தொடமாட்டார்கள். அந்த அப்பத்தை இடித்து, முட்டையும் கோழிக்கொழுப்பும் சேர்த்து, உருண்டையாக்கி அவித்துக் கோழிச் சூப்பில் போடுவார்கள். அதன் பெயர் என் வாயில் நுழையாது. உருண்டைச் சூப் என்பேன்.

அந்த வருடம் அக்கா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பெருநாளுக்கு வரும் மகன், அப்படியே தன்னோடு பெர்லினுக்குக் கூட்டிப் போவதென்று முடிவாகியிருந்தது. போகுமுன் தன் தாயின் சூப்பை இந்த வீட்டு மேசையில் ஒருமுறை வைத்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பிளாஸ்டர் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். நான் வருகிறேன் என்றேன்.

என் மகள் கோபத்தில் துள்ளினாள்.

"அம்மா, பெரிய கிழமையில கோழி காய்ச்சப் போறியளோ?"

எங்கள் வீட்டில் உயிர்த்த ஞாயிறுக்கு முன் வரும் தபசுகாலம் முழுக்க இறைச்சி இல்லை, அதன் கடைசி வாரமான பெரிய கிழமையில் கேட்கவே வேண்டாம்.

"காய்ச்சத்தான் போறன். தின்ன இல்லை."

"பங்குச் சுவாமியார் கண்டால்?"

"கண்டால் அவருக்கும் ஒரு கோப்பை."

அக்கா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, நான் அடுப்படியில் நின்றேன். உப்புப் பார்க்க எனக்கு ஏலாது. கரண்டியை அவர் வாயருகே பிடித்தேன். சூப் சரி வந்தது. உருண்டைதான் வரவில்லை. கொழுக்கட்டை பிடித்த கை, இறுக்கிப் பிடித்துவிட்டது. எல்லாம் அடியில் போய்க் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது சாப்பிடவோ, ஆருக்காவது எறியவோ?"

எனக்குச் சுருக்கென்றது. "இறுக்காட்டி உடைஞ்சுபோம்."

"உடையாது. விடுங்கோ."

நல்ல கையை நனைத்து, காற்றில் உருட்டிக் காட்டினார், தொட்டும் தொடாமலும். மிச்ச அப்பத்தை இடித்து அப்படியே செய்தேன். உருண்டைகள் ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டு மேலே வந்தன. அக்கா மூக்கை உறிஞ்சினார்.

இரவு என்னையும் மேசையில் இருத்தினார்கள். நான் அப்பமும் முட்டையும் சாப்பிட்டேன். மகன் இரண்டாம் முறையும் கோப்பையை நீட்டினார். அக்கா தன் கோப்பையை மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பும்போது மூடிபோட்ட ஏனம் ஒன்றைக் கையில் திணித்தார்.

"உங்கட பெருநாளுக்கு. ஐஸ்பெட்டியில வையுங்கோ."

பெரிய வியாழன் காலையில் அக்கா போய்விட்டார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, அந்தச் சூப்பைச் சூடாக்கிக் குடித்தேன். உருண்டை வாயில் வைத்ததும் கரைந்தது. உள்ளே கோழியின் ருசி முழுக்க இருந்தது. கரண்டியோடு எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன், அக்காவிடம் அந்த ருசியைச் சொல்ல. எதிர்க்கதவில் பெயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

போன் எடுத்தால் இருவரும் "குட், குட்" என்கிறோம். முகம் காணாமல் எங்கள் ஜெர்மன் அதற்கு மேல் ஓடாது. ஒவ்வொரு உயிர்ப்புப் பெருநாளுக்கும் நான் அந்தச் சூப்பைக் காய்ச்சுகிறேன். பிள்ளைகள் நல்லாயிருக்கு என்று குடித்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். பேத்திக்குத் தமிழும் வாசிக்கத் தெரியும், ஜெர்மனும் நன்றாகத் தெரியும்.

"பிள்ளை, இஞ்ச வா. இதைப் போனில அவவுக்கு ஜெர்மனில சொல்லவேணும் நீ. அதுக்கு முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஆறுதலா, மெல்ல வாசி."