அப்பா எடுத்த களை

கிணத்துக்கடவில் எங்கள் தோப்பில் தென்னைக்கு அடியில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது. விருந்துக்குப் போன வீட்டிலும் பேசிக்கொண்டே வாசல் புல்லைப் பிடுங்கிப் போடுகிற ஆள் எங்கள் அப்பா.

நான் வேலை பார்ப்பது தொண்டிப் பக்கம். கடல்புல் நடுகிற வேலை. ஆழமில்லாத, வெயில் அடிமண் வரை இறங்குகிற கடலில்தான் அது வளரும். இழுவை வலை அரித்து வேரோடு போன இடங்களில், மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, கயிற்றில் நாற்றைக் கட்டி, அடியில் பதிக்கிறோம். பிடித்துவிட்டால் மீன்குஞ்சு வந்து அண்டும், கடல்பசு மேயும். இதையெல்லாம் அப்பாவிடம் எத்தனையோ தடவை போனில் சொல்லியிருக்கிறேன். "செரி கண்ணு, செரி கண்ணு" என்பார். காதில் என்ன விழுந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

போன மாசியில் முதல்முறையாக என்னைப் பார்க்க வந்தார், வண்டி நிறைய இளநீரோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் நின்று சட்டங்களைக் காட்டி, "அதானுங்கப்பா நான் நட்டது" என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு கூட்டம். முடித்துவிட்டு மதியம் திரும்பினால், முழங்காலளவு வற்றிய தண்ணீரில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அப்பா நிற்கிறார். கூடவே டிரைவர். கரையில் என் புல் கத்தை கத்தையாகக் காய்கிறது.

"ஏங்கண்ணு, இப்பிடியா போட்டு வெப்பாங்க? கயிறு பூரா புல்லு. பாசி எப்பிடித் தழைக்கும்? அத்தனையும் புடுங்கிப்போட்டேன்."

கடல்பாசி வளர்ப்பை டிவியில் பார்த்திருக்கிறார். அதற்கும் மூங்கில், கயிறுதான். மகளும் பாசிதான் வளர்க்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். இரண்டு வருட உழைப்பு ஐயா அது! அப்போதுதான் வேர் ஓடி, பக்கத்து மண்ணில் தளிர் விட்டிருந்தது.

"களை இல்லீங்கப்பா. அந்தப் புல்லைத்தானுங்க நான் நட்டேன். இங்க பாசியே கிடையாதுங்க."

கையிலிருந்த கத்தையைப் பார்த்தார். 'அடடா, தெரியாமச் செஞ்சுபோட்டேனே' என்பார் என்று அந்த ஒரு நொடி நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். டிரைவர் காதில் விழாதபடி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஊர்ல ஆராச்சும் கேட்டா பாசின்னே சொல்லிக்கலாங் கண்ணு."