சித்தி படித்த ஜப்பான் பாஷை

கொள்ளேகால் பக்கமிருந்து மைசூருக்கு வந்து தேவராஜ மொஹல்லாவில் குடியிருந்த காலத்தில் என் சித்தி ஜப்பான் பாஷை படித்தாள். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் வேலை. பேட்டியில் தேறினால் விமானம் ஏறலாம். நர்சிங் ஹோமில் பெட்பேன் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புக்காரிக்கு எங்கே தெரியும்? எனக்குச் சித்தி கூட இருந்தால் போதும்.

காலையில் "ஒஹாயோ கொசைமாஸ்", தட்டில் தோசை விழுந்ததும் "இத்ததாகிமாஸ்", தண்ணீர் கொடுத்தால் "அரிகாத்தோ". எனக்குக் கிழவி வேஷம். "தாய்ஜோபு தெஸ்கா?" என்று சித்தி நலம் கேட்பாள், நான் இருமிக் காட்டுவேன்.

பாடத்தில் "சயோனாரா" வந்தபோதுதான் அம்மா குறுக்கே விழுந்தாள். ரொம்ப நாளைக்குப் பிரிகிறவர்கள் சொல்வது என்று சித்தியே உளறிவிட்டாள். எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவர்கூடப் "போறேன்" என்று சொல்லக் கூடாது. "வாரேன்" என்றோ கன்னடத்தில் "பர்த்தீனி" என்றோதான் சொல்லவேண்டும். தப்பிச் சொன்னால் திரும்ப வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பலாம்.

"அந்தப் பேச்சு நம்மூட்ல வேண்டாஞ் சாமி. போயிட்டு வாரேன்னு சொல்ல அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள் அம்மா.

இருந்தது. "இத்தேகிமாஸ்." சித்தி அதையே சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

பேட்டி செல்போனில் நடந்தது. கேள்விகளுக்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னாள். கடைசியில் மரியாதையாக "ஷித்சுரே ஷிமாஸ்" என்று விடைபெற வேண்டியவள், பழக்கதோஷத்தில் கும்பிட்டு "இத்தேகிமாஸ்" என்றுவிட்டாள். வாசல்படி தாண்டும்போது வீட்டு மனிதர்களிடம் சொல்வது அது. திரையில் பேட்டி எடுத்த ஜப்பான்கார அம்மாள் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, போய்விட்டு வா என்று அவர் பாஷையில் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது.

அம்மா கேசரி கிண்டினாள். கிண்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். எங்கள் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

கிளம்பும் நாள் காலையில் சித்தி என் கன்னத்தைப் பிடித்து, "போயிட்டு வாரேன் கண்ணு" என்றாள். எல்லோரும் அழுதார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்படிச் சொல்லிவிட்டுப் போன யாரும் எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் திரும்பாமல் இருந்ததில்லை.

சித்திக்கு இப்போது அங்கேயே வீடு, கணவர், குழந்தை. போனில் பார்க்கிறோம், பார்த்து என்ன, அவள் பக்கத்தில் இல்லையே.

சித்தி கிளம்பிய அன்று சாயங்காலம் நான் எனக்கும் அவளுக்கும் சேர்த்துப் பாய் விரித்தேன். அம்மா வந்து பார்த்தாள். சித்தியின் தலையணையைக் கொண்டுவந்து போட்டு, அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப்போலச் சித்தி வரட்டும் என்றுதான் விழித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.