டெலிகேட்டுகளுக்கு மட்டும்

பொன்முடியிலிருந்து இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் என் செருப்பின் வார் அறுந்தது. காலை பஸ் வரவில்லை. அந்த பஸ் வராததற்கு அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை, வந்தால்தான் கேட்பார்கள். தோளில் பை, கையில் செருப்பு என்று நடந்துகொண்டிருந்தேன்.

மேலே ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். துவைப்பது கஷ்டமில்லை, காயவைப்பதுதான் கஷ்டம். மலையில் மூடுபனி கொடிக்கயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேனேஜர் தினமும் விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், பனியை நான்தான் மலைக்கு வரவழைத்தது மாதிரி. கடைசியில் ஒரு புதுமாப்பிள்ளை, இரவெல்லாம் மீன்கூடைக்குள் கிடந்த மாதிரி இருந்தது என்று புகார் எழுதிவைத்துவிட்டுப் போனார். மேனேஜர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்கே வாசிக்கத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அங்கே இருப்பதில் இருவருக்குமே விருப்பமில்லை. இனி என் வாழ்நாளில் படுக்கை விரிப்பைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கினேன்.

பாதி வழியில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். எங்கே போகிறாய் என்றார். தெரியாது என்றேன். அப்படியானால் கழக்கூட்டம் போ என்றார். கன்வென்ஷன் சென்டர் வந்த பிறகு அந்தப் பக்கம் எல்லாருக்கும் ஹோட்டல் பைத்தியம் பிடித்திருக்கிறதாம். கட்டுகிறவனுக்கும் ஆள் வேண்டும், கட்டி முடித்தவனுக்கும் ஆள் வேண்டும், உன்னை மாதிரி ஆளுக்கு ஏற்ற ஊர் என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. விதுராவில் இறங்கி, நெடுமங்காட்டில் பஸ் மாறி, வெயில் தணிகிற நேரத்துக்குக் கழக்கூட்டம் போய்ச் சேர்ந்தேன். வாரை ஒரு சணல் துண்டால் கட்டியிருந்தேன்.

ஜீப்காரர் சொன்னது பொய்யில்லை. பைபாஸை ஒட்டி நடக்க நடக்க எல்லா மனையிலும் ஒரு போர்டு. இங்கே ஹோட்டல் வரப்போகிறது, அங்கே சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் வரப்போகிறது. ஒரு மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, வாத்துகள் நீந்தின, நடுவில் போர்டு மட்டும் நட்டிருந்தது. மாடிப்படி இருக்கிற வீடெல்லாம் ஹோம்ஸ்டே ஆகியிருந்தது. ஒரு முடிவெட்டும் கடைக்காரர்கூடக் கண்ணாடிக்குப் பக்கத்தில் 'மாடியில் ரூம் உண்டு' என்று எழுதி ஒட்டியிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். கடைக்கு மாடியே இல்லை. விசாரித்தால், கட்டப்போகிறாராம்.

விஷயம் என்னவென்றால், மாநாடு நடக்கிற நாட்களில் இந்தப் பக்கம் ஒரு கட்டில் கிடைக்காது. டாக்டர்கள், வக்கீல்கள், கம்ப்யூட்டர்காரர்கள் என்று ஊர் நிறைந்துவிடும், பாதிப் பேர் டவுனுக்குள் தம்பானூர் லாட்ஜுகள்வரை போய் அலைவார்கள். மாநாடு முடிந்த மறுநாள் தெருவில் நாய்தான் நிற்கும். நான் போனது அந்த மறுநாளில்.

பத்து மாடிக்கு ஒரு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, அதன் நிழலில், எட்டு அறை உள்ள சின்ன லாட்ஜ் ஒன்று. 'ஃபேமிலி, டெலிகேட்டுகளுக்கு மட்டும்' என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. மாநாட்டுக்கு வருகிற பெரிய மனிதர்களைத்தான் டெலிகேட் என்கிறார்கள். ஒரு அம்மாள் கேட்டில் நின்று எதிர்க் கட்டடத்தை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் யாரையோ போனில் மக்களே என்று கூப்பிட்டதை வைத்து நாகர்கோவில் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். போனை வைத்ததும், அக்கா, வேலை ஏதாவது கிடைக்குமா என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சணல் கட்டிய செருப்பில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

"எடே, நீ பேண்ட் போடுவியா?"

"போடுவேன் அக்கா. பையில ஒண்ணு இருக்கு."

"இஸ்திரி போட்டதா?"

"ஈரமா இருக்கு."

அடுப்புப் பக்கம் காயப்போடச் சொன்னார். சாப்பாடும் படுக்கையும் உண்டு, காலையில் வேலை சொல்லித் தருகிறேன், ஆனால் அதுவரைக்கும் நீ டெலிகேட்டு என்றார்.

சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மிச்சத்தைச் சொன்னார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு லாட்ஜை அவர் ஒருத்தியாகத்தான் பார்க்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், ஒன்று ஏதாவது கம்பெனி இதை எடுத்து உன்னை நிர்வாகத்தில் வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு என்று கெடு வைத்துவிட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வருகிறான். மகன் வீடு பதினாலாவது மாடி. ஒருமுறை போய் இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து பார்த்ததில்லையாம். காக்காய்க்குச் சோறு வைத்தால் அந்த உயரத்துக்கு ஒரு காக்காய் வரவில்லையாம். மருமகள் நல்ல பெண்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் தேங்க்ஸ் சொல்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

ஹோட்டல் கம்பெனி ஒன்று நாளைக் காலை ஆள் அனுப்புகிறது. வருஷம் முழுக்க அறை நிறைந்து கிடக்கிறது என்று அக்கா போனில் சொல்லியிருக்கிறார். பாதி உண்மை, நிறைகிற நாளும் உண்டு. நாளை அந்த நாள் இல்லை. அதனால் எதிர்க் கட்டடத்தில் வேலை பார்க்கிற திசையன்விளைப் பக்கத்து ஆட்களிடம், ஒரு ராத்திரிக்கு வந்து படுங்கள், ஃபேன் உண்டு, வெந்நீர் உண்டு, காலையில் இட்லி உண்டு என்று பேசி முடித்திருந்தார். ஏழு பேர் கிடைத்துவிட்டார்கள். எட்டாவது அறைக்குத்தான் நான்.

மாநாட்டுக்காரர்கள் கழுத்தில் தொங்கவிடும் அட்டைகளை, போகும்போது அறையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கயிறு நன்றாக இருக்கிறது என்று அக்கா அதில்தான் எல்லா அறையிலும் திரைச்சீலையை முடிந்து வைத்திருந்தார். இப்போது ஒவ்வொன்றாக அவிழ்த்து எங்களுக்கு மாட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். எனக்கு வந்தது ஒரு மகப்பேறு டாக்டரம்மாவின் அட்டை. திருப்பிப் போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாது என்றார்.

இருட்டுகிற நேரத்தில் அந்த ஏழு பேரும் பாயும் பெட்டியுமாக வந்தார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் டைல்ஸ் பதிக்கிறவர், எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். டெலிகேட்டுகளுக்காக எதிரே பத்து மாடி எழுப்பிக்கொண்டிருக்கிற இவர்கள், அதன் அடித்தளத்தில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கிறார்கள். பல்லை இளித்துக்கொண்டு ஃபேனைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னைக்கு வரைக்கும் ஒரு டிரைவரையோ பந்தல்காரனையோ நான் உள்ள ஏத்துனதில்ல, கேட்டியா. ஒவ்வொரு மாநாட்டுக்கும் வந்து கேட்டைத் தட்டுவானுவோ. லைட்டு கட்டுறவன், மேடை போடுறவன், எல்லாவனும். எடம் இல்லன்னு சொல்லிருவேன். நம்ம லாட்ஜுக்கு ஒரு நெலை உண்டு அல்லோ."

அறை காலியாக இருக்கும்போதுமா என்று கேட்டேன். காலியாக இருந்தால்தான் என்ன, டாக்டர் படுத்த கட்டில் என்றார். டாக்டர்கள் எத்தனை தடவை வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. சோறு அவர் வீட்டுச் சோறு.

நன்றாகத் தூங்கினேன். உலர்ந்த விரிப்பில் படுத்து வெகுநாள் ஆகியிருந்தது.

காலையில் கம்பெனிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வயது குறைவுதான், பளபளக்கிற ஷூ, மலையாளி, மரியாதையான ஆள். அக்கா அடுக்களையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்ததால் அறைகளை முன்கூட்டிப் பார்க்கவில்லை. எட்டு ரூமும் ஃபுல் என்று பெருமையோடு சொல்லி, முதல் கதவைத் தட்டித் திறந்தார். பின்னால் இட்லித் தட்டோடு நான்.

உள்ளே யாரும் இல்லை. விரிப்பும் தலையணை உறையும் துண்டும் செங்கல் மாதிரி மடிக்கப்பட்டு கட்டிலின் தலைமாட்டில் அடுக்கியிருந்தன. தரை பெருக்கித் துடைத்திருந்தது. குளியலறையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பக்கெட் கவிழ்த்து, அதன்மேல் மக் கவிழ்த்து, ஜன்னல் சாத்தியிருந்தது. இரண்டாவது அறையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அக்காவின் நடை ஒவ்வொரு கதவுக்கும் மெதுவானது.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலை செய்கிற இடத்திலேயே படுத்துத் தூங்குகிறவன், வெளிச்சம் வருமுன் அங்கே யாரும் படுக்கவில்லை என்கிற மாதிரி ஆக்கிவிட்டுத்தான் எழுந்து போவான். சூப்பர்வைசர் வரும்போது ஒரு பாய் கிடந்தால்கூட ஏச்சு விழும். ஏழு பேருக்கும் அது கையில் ஊறிய பழக்கம். அவர்களைச் சொல்லி என்ன, எட்டாவது அறையில் நானும் அதைத்தான் செய்திருந்தேன். போதாததற்கு, பொன்முடிப் பழக்கத்தில் விரிப்பின் முனைகளை முக்கோணமாக மடக்கிவேறு வைத்திருந்தேன்.

"சேச்சி, இவிடே ஆரும் கிடந்நிட்டில்லல்லோ," என்றார் கம்பெனிக்காரர். யாருமே இங்கே படுக்கவில்லையே என்று அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறை நிறைந்திருக்கிறது என்று சொன்னது பொய் என்று நினைத்துவிட்டார். எட்டு அறையிலும் ஆள் படுத்திருந்தார்கள் என்பது அன்றைக்கு ஒரு நாள் முழு உண்மை.

அக்கா விடவில்லை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர்மார் வெளியே நிற்கிறார்கள் என்று கூட்டிப்போனார். டாக்டர்மார் பின்பக்கக் குழாயடியில் குளித்து, திருநீறு பூசி, தூக்குவாளியோடு அப்போதுதான் கேட்டருகே வந்து வரிசையாக நின்றார்கள். விடிந்த பிறகு கட்டிலில் படுத்திருக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கழுத்தில் அட்டை மட்டும் சொன்னபடி தொங்கியது. கம்பெனிக்காரர் அண்ணாச்சியிடம் எந்த டாக்டர் என்று கேட்டார். அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

"பல்லு," என்றார் அண்ணாச்சி.

கம்பெனிக்காரர் அவர் நகக்கண்களில் இருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"சிமெண்ட் வெச்சாணோ அடைக்குன்னது?" சிமெண்ட் வைத்தா பல்லை அடைக்கிறது என்று கேட்டார்.

"ஆமா சார். ஒயிட் சிமெண்டு."

அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல மனிதர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார், சட்னி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்தப் பக்கத்துக்கு ஹோட்டல் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் கம்பெனி தேடுவது நூறு அறை கட்டுகிற மாதிரி இடம். எட்டு அறை நிறைந்தே கிடந்தாலும் அவர்களுக்கு ஆகாது. முதலிலேயே போனில் சொல்லியிருக்கலாம், மேலே இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள் என்றார். அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கார் போய்விட்டது.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். பதினாலாவது மாடி அவர் முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. மடித்துவைத்ததுதான் அக்காவைப் பொய்க்காரியாக்கிவிட்டது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அட்டையைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி, மரியாதையாக அக்காவின் பக்கத்தில் வைத்தார். போவார் என்று பார்த்தால் போகவில்லை.

"யக்கா, இன்னைக்கும் படுத்துக்கலாமா? சும்மா இல்ல, வாடகைக்குத்தான். கொசு இல்லாமத் தூங்கி எத்தனையோ மாசம் ஆச்சு. நாங்க மட்டுமில்ல, கம்பி கட்டுறவனுவளும் கேக்கானுவோ. ரூமுக்கு மூணு பேருன்னாலும் சம்மதம்."

அக்கா கேட்டுக்கு வெளியே தொங்கிய போர்டைப் பார்த்தார். பிறகு எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அது கட்டி முடிய எவ்வளவு காலம் ஆகும்டே?"

அண்ணாச்சியும் திரும்பி, தொழில்காரர் பார்வையில் மாடிகளை எண்ணினார். "நல்லாத் தூங்கி எந்திரிச்சு வேல பாத்தா வெரசா முடிஞ்சிரும்க்கா."

"அப்ப மெதுவாப் பாருங்க."

அது முடிந்தால் வலப்பக்க மனையில் தொடங்குவார்கள், அப்புறம் வாத்து மனையில் என்று அண்ணாச்சி தைரியம் சொன்னார். முடிவெட்டுகிறவருக்கும் மாடி பாக்கி இருக்கிறது என்று நான் சேர்த்துக்கொண்டேன். அக்கா என்னை முறைத்தார், ஆனால் எழுந்துவிட்டார். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். கம்பெனிக்காரன் கிடக்கட்டும் மக்களே, ரூமெல்லாம் ஃபுல்லு, நான் எப்படி வர, வேணும்னா நீ வா, ஆனா உனக்குக் கட்டில் கிடையாது என்றார். அந்தப் பக்கம் மகன் என்ன சொன்னான் என்று என் காதில் விழவில்லை. தேங்க்ஸ் சொல்லியிருக்க மாட்டான்.

எட்டு பேரும் வேலைக்குப் போகவேண்டிய நேரம். ஏழு பேர் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்கள். அக்கா போர்டில் இரண்டு மொழியிலும் கடைசி வார்த்தையை ஒரு பழைய துணியால் மூடிக் கட்டினார், மாநாட்டுக் கயிற்றால்தான். பிறகு என் பக்கம் திரும்பி, உனக்கு என்ன வேலை தெரியும் என்றார். சமையலுக்கு உதவுவேன், தண்ணீர் பிடிப்பேன், பெருக்குவேன், மரம் ஏறுவேன், விரிப்பைத் தவிர எது சொன்னாலும் செய்வேன் என்றேன். எட்டாவது அறையின் முக்கோணத்தை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே போய் எட்டு அறை விரிப்பையும் அள்ளிக்கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்தார்.

துவைத்து மொட்டைமாடியில் போட்டேன். பைபாஸ் காற்றும் வெயிலும் சேர்ந்து அடித்ததில், கடைசி விரிப்பை விரிக்கும்போதே முதல் விரிப்பு காய்ந்திருந்தது.