கண்ணாடி உடைத்த குற்றம்

எங்கள் தெருவில் அவரைப் பார்லர் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கீழே என்னுடைய மருந்துக்கடை, மாடியில் அவருடைய அழகு நிலையம். இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு பேசின். அதற்குப் பின்னால் ஒரு திரை. திரையை விலக்கினால் குடித்தனம். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவரைப் பேச்சு வராதவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. அந்த வீட்டில் அவருக்குப் பேச இடம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரே மகள். வாயாடி. பேசினில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கும் வாடிக்கையாளரிடம் போய் நின்று, "ஆன்ட்டி, உங்க முடி கொட்டுதா, இல்ல நீங்களே பிச்சுக்கிறீங்களா?" என்று கேட்பாள். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் படிப்பில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பு பற்றி மேற்படிப்பு படிக்க, அரசாங்கத்தின் உதவித்தொகையில் வெளிநாடு போகத் தேர்வானாள். இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட திட்டம் அது.

வழியனுப்பும் நாளில் விமான நிலையத்துக்கு அமைச்சரே வந்திருந்தார். பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த பெற்றோர்களைப் பார்த்து அவர், "ஏன் அழறீங்க? இனிமே இவங்க எங்க பொறுப்பு. அரசாங்கத்தோட பிள்ளைங்க" என்றார். அக்கா அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதார். அப்புறம் ஒரு வருஷம் கடைக்கு வந்த எல்லாரிடமும், புருவம் எடுத்துக்கொண்டே அதைச் சொன்னார். வாயில் நூலைக் கடித்திருந்ததால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

அங்கே நிலைமை வேறாக இருந்தது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய் நின்றுகொள்வாராம். பையன்கள் குரங்கு மாதிரி சத்தம் போடுவார்களாம். முதலில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இங்க இவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே கலர்தான்மா. உன் கடையில மாசா மாசம் பிளீச் பண்ணிக்கிற மகராசி வந்தாலும் என் பக்கத்துலதான் நிக்கணும்" என்றாள். அக்கா சிரித்தார். ஆனால் அன்றைக்கு பிளீச் கிண்ணத்தைக் கலக்கும்போது முகம் ஒரு மாதிரியாக இருந்தது என்று, தலைக்கு டை போட மேலே போயிருந்த என் மனைவி வந்து சொன்னாள்.

பிறகு அவள் கூடப் போன மாணவன் ஒருவனைக் கடைவீதியில் போட்டு அடித்தார்கள். மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து அங்கிருந்த நம் தூதரகத்துக்கு எழுதினார்கள். பதிலாக ஓர் அறிவுரை வந்தது. கூட்டமாகப் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள், பொது இடத்தில் தாய்மொழியில் சத்தமாகப் பேசாதீர்கள், உள்ளூர் மக்களின் மனம் புண்படும்படி நடக்காதீர்கள்.

"கூட்டமாவும் போகக்கூடாது, தனியாவும் போகக்கூடாதுன்னா எப்படிம்மா போறது? பறந்தா?" என்று மகள் போனில் கத்தினாள்.

அக்கா சமாதானம் சொன்னார். "எம்பசில சொல்றது நல்லதுக்குத்தான்டி. போன்ல மெதுவா பேசு. யார் என்ன சொன்னாலும் வாயை மூடிட்டு வந்துடு."

"அடி வாங்கினவன் வாயே தொறக்கலைம்மா. சும்மா வரிசையில நின்னான்."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ சும்மா நிக்க மாட்டே."

அதோடு போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவளை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். "உன் ஊருக்குப் போ" என்று ஆரம்பித்தவர்கள், தலைமுடியைப் பிடித்து முகத்தை நிழற்குடையின் கண்ணாடியில் மோதினார்கள். கண்ணாடி உடைந்தது. அவள் தாடையும் உடைந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார், மற்றவர்கள் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்கள்.

அறைத்தோழி போன் செய்தபோது அக்கா ஒரு கல்லூரி ஆசிரியைக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்திருந்தது. போனை வைத்துவிட்டு மறு பக்கத்தையும் எடுத்து, பவுடர் தடவி, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் போனாராம். அப்புறம் வந்த சத்தத்தைக் கேட்டு நான் கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

தூதரகத்துக்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேர் லைனை மாற்றிவிட்ட பிறகு வந்த மூன்றாவது ஆள், "ஆஸ்பத்திரில நல்லா கவனிச்சுக்குறாங்கம்மா, உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல" என்றார். யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று அக்கா கேட்டார். "தொடர்பில் இருக்கோம்மா" என்றார்.

தாடைக்குள் தகடு பொருத்தி, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த நிலையில் அவளைப் போலீஸ் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டது. வாயைத் திறக்க முடியாது. அரைகுறையாகக் கற்றிருந்த அந்த ஊர் பாஷையில் எழுதிக் காட்டினாள். உங்கள் தூதரகத்திலிருந்து மொழிபெயர்க்க ஒருவரை வரச் சொல்லுங்கள் என்றது போலீஸ். தூதரகத்திலிருந்து யாரும் வரவில்லை. வாக்குமூலம் தெளிவாக இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே தூதரகம் அறிக்கை விட்டது: "இளைஞர்களிடையே ஏற்பட்ட தகராறு. இதில் இனவெறி இருப்பதாகக் கருத முகாந்திரம் இல்லை."

அக்கா கடையைப் பூட்டினார். தலைநகரத்துக்குக் கூட வரச் சொல்லி என்னைக் கேட்டார். "உங்க மாமா வந்தா அங்க உக்காந்து ஃபேனைத்தான் பாத்துட்டு இருப்பாரு. நீ வா தம்பி" என்றார்.

வெளியுறவுத் துறையில் மாணவர் நலப் பிரிவு என்று ஒரு அறை. அதிகாரி மரியாதையான மனிதர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, அது இன்னொரு நாடு. நம்ம போலீஸ் அங்க போய்க் கேஸ் போட முடியுமா, சொல்லுங்க?"

"போலீஸ் வேணாம் சார். ஸ்டேஷன்ல என் பொண்ணு பக்கத்துல உக்கார ஒரே ஒரு ஆளை அனுப்பினீங்களா?"

"அன்னைக்கு நம்ம வர்த்தகக் குழு வந்து இறங்குற நாள். எம்பசி ஸ்டாஃப் மொத்தமும் ஏர்போர்ட்ல இருந்தாங்க."

"மொத்தமுமா?"

"ப்ரோட்டோகால்மா. உங்களுக்குப் புரியாது."

"புரியுது சார். மாலை போட அத்தனை பேரு தேவைப்பட்டுச்சு."

அதிகாரி பேனாவை மூடினார். "இதை இனவெறின்னு நம்ம வாயால சொன்னா ரெண்டு நாட்டு உறவும் கெட்டுப்போயிடும். அடுத்த வருஷம் போக வேண்டிய பிள்ளைங்களுக்கு விசா கிடைக்காது. அதையும் யோசிக்கணும் இல்லையா? அப்புறம்..." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க பொண்ணு கொஞ்சம் வாய் அதிகம்னு ஏற்கெனவே ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார்.

அக்கா எழுந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவரை நான் என்னன்னு திட்டுறது தம்பி? நானும் அதைத்தானே அவகிட்ட சொன்னேன்" என்றார்.

மகளைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கம்பியை எடுத்த பிறகு முதல் தடவையாகப் போனில் பேசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "அடிச்சவன் இங்கயே இருக்கான். நான் மட்டும் எதுக்கும்மா கிளம்பணும்?" என்றாள். மெக்கானிக் போனை வாங்கி, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வழக்கு எப்படியோ நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பும் வந்தது. மூன்று பேருக்கும் அபராதம். நிழற்குடைக் கண்ணாடியை உடைத்ததற்காக. பஸ் கம்பெனி வக்கீல் வைத்திருந்தது, செல்போன் படத்தைத் தேடிப் பிடித்திருந்தது, எந்த மாதிரிக் கண்ணாடி என்றுகூட ஆதாரம் கொடுத்திருந்தது. மாணவியைத் தாக்கியதாகச் சொல்லப்படும் விஷயத்தில் போதிய சாட்சியம் இல்லை.

"கண்ணாடிக்குக் கேக்க ஆள் இருந்துச்சும்மா" என்றாள் மகள்.

இங்கே செய்தியில், தூதரகத்தின் இடைவிடாத முயற்சியால் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள் என்று படித்தார்கள். அக்காவின் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தலையில் டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "பரவாயில்லையே, நம்ம கவர்ன்மென்ட் விடலையே" என்றார். அக்கா அவர் தலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தித்தான் அலசினார்.

அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அடிபட்ட மற்ற பிள்ளைகளின் பெற்றோர்களைத் தேடிப் பிடித்து, நம் நீதிமன்றத்தில் மனு போட்டார். அரசாங்கம் அனுப்பும் மாணவர்களுக்கு, தூதரகத்தில் ஒரு வக்கீலும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. மாணவர்கள் தங்கள் விருப்பத்தின் பேரிலேயே சென்றார்கள் என்று அரசு வக்கீல் வாதிட்டார். அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். அடுத்த வாய்தாவில் அரசு வக்கீல் எழுந்து, "பரிசீலித்துவிட்டோம்" என்றார். மனு முடித்து வைக்கப்பட்டது. வெளியே வந்ததும் பெற்றோர்களில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துப் போனார்கள்.

மகள் படிப்பை முடித்தாள். அங்கேயே ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இப்போது அந்த ஊர் பாஷை தண்ணீர்பட்ட பாடு. நம் பிள்ளைகள் யாராவது அடிபட்டால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள்தான் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்காருகிறாள். மொழிபெயர்க்கிறாள், எழுதிக் கொடுக்கிறாள், தெளிவாக இல்லை என்றால் திரும்ப எழுதுகிறாள். ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது என் கடைக்கு வந்து வலி மாத்திரை வாங்கினாள். குளிர் நாட்களில் தாடைத் தகடு இருக்கும் இடம் விண்ணென்று தெறிக்கும் என்றாள். வாய் அப்படியேதான் இருந்தது. என் கடையில் காலாவதியான டானிக் ஒன்றை எடுத்துக் காட்டி மானத்தை வாங்கிவிட்டுப் போனாள்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு சந்தேகம். இத்தனைக்குப் பிறகாவது தூதரகத்தில் ஏதாவது மாறியிருக்குமா என்று. வேறொரு மாணவியின் அம்மா மாதிரி, பேரைச் சொல்லாமல் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என் பொண்ணை அங்க பஸ்ல அடிச்சுட்டாங்க சார். போலீஸுக்குக் கூடப் போக யாராவது வருவீங்களா?"

"நாங்க வர முடியாதும்மா. ஒரு நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க. அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா பண்ணிக் குடுக்கும். காசெல்லாம் கேக்காது."

அவர் சொன்னது மகளுடைய நம்பர். அக்கா அதை எழுதிக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"பாத்துப் படிக்கலை தம்பி" என்றார். "நம்பரை மனப்பாடமா சொல்றான்."